பத்திரமான இடம்

பெண்ணெழுத்துத் தாள் நடத்தும் ஆண்டுகளில், ஒரு வகுப்பில் மட்டும் பாடநூலை மூடிவைத்துவிட்டு ஒரு புகைப்படத்தைத் திரையில் காட்டுவது என் வழக்கம். 1999 ஜூலை 10, கலிஃபோர்னியா, பாசடீனா நகரின் ரோஸ் பௌல் மைதானம். பெண்கள் கால்பந்து உலகக்கோப்பையின் இறுதியாட்டம் முடிந்த நொடி. கழற்றிய சட்டையைக் கையில் இறுகப் பிடித்து, கறுப்பு விளையாட்டு உள்ளாடையோடு, புல்தரையில் முழங்காலிட்டு வாய்விட்டுக் கத்துகிறார் பிராண்டி சாஸ்டெய்ன். அமெரிக்க அணிக்குக் கோப்பையைத் தந்த கடைசிப் பெனால்டியை அவர்தான் அடித்தார். பெண்ணுடல் தனக்காகவே திறந்துகொள்வது பற்றியும், பார்ப்பவர் கண்ணைப் பொருட்படுத்தாத களிப்பு பற்றியும் நிறையப் பேசுவோம். நல்ல வகுப்பாக இருக்கும். எட்டு ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன்.

ஓர் ஆண்டு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேம், ஆட்டம் அஞ்சுக்கு நாலுன்னு போட்டிருக்கு. ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு பேர் அடிச்சாங்க. அப்ப யாரோ ஒருத்தங்க ஒரு பந்தத் தடுத்திருக்கணும்ல? அது யாரு?”

எனக்குத் தெரியவில்லை. எட்டு ஆண்டுகள் அந்தப் படத்தைக் காட்டியவளுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து தொடங்குகிறது.

பெயர் பிரையானா ஸ்கரி. அன்று மைதானத்தில் 90,185 பேர். எதிரணி சீனா. தொண்ணூறு நிமிட ஆட்டத்திலும் கூடுதல் நேரத்திலும் கோல் விழாததால் பெனால்டிக்குப் போனார்கள். முதல் இரண்டு சுற்றில் இரு அணியும் போட்டுவிட்டன. மூன்றாவதாகச் சீனாவின் லியூ யிங் வந்தார். பெனால்டி அடிக்க வருபவரின் முகத்தை ஸ்கரி பொதுவாகப் பார்ப்பதில்லை; அன்று லியூ யிங் நடந்து வந்ததைப் பார்த்தார். அந்த நடையிலேயே இது தனக்குரிய பந்து என்று தெரிந்துவிட்டதாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இடப்பக்கம் பாய்ந்து கையால் தள்ளிவிட்டார். உதைக்கும் முன்பே கோட்டைத் தாண்டி முன்னே வந்துவிட்டார் என்று விமர்சனம் எழுந்தது. வந்தது உண்மைதான், அதை அவர் மறைக்கவும் இல்லை. நடுவர் கண்டிக்கவில்லை, அவ்வளவுதான். அதன்பின் அமெரிக்கப் பெண்கள் ஒருவர்கூடத் தவறவிடவில்லை. ஐந்தாவது உதை சாஸ்டெய்னுடையது. அடுத்த நொடியில் அந்தப் புகைப்படம்.

கால்பந்துக்கு ஸ்கரி வந்த கதை இன்னும் பின்னால் தொடங்குகிறது. 1971-ல் மினியாபொலிஸில் பிறந்து, மினசோட்டா மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். சுற்றிலும் வெள்ளையர் குடும்பங்கள். இவர்கள் கறுப்பினக் குடும்பம். பெண்களுக்குத் தனி அணி இல்லாததால் பையன்களின் அணியில் சேர்ந்தார். பயிற்சியாளர் அவரைக் கோலில் நிறுத்தினார். அவர் திறமையைப் பார்த்து அல்ல; ஒரு பெண்பிள்ளைக்கு மைதானத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று நினைத்ததால். இந்தத் தகவலை ஸ்கரி சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை. ஓடவேண்டாம், இடிபடவேண்டாம், ஓரமாக நில் என்ற அந்த அக்கறையை நாம் எல்லோரும் அறிவோம். ஓரமாக நிற்கச் சொன்ன இடத்துக்குத்தான் எல்லாப் பந்தும் வந்து சேரும் என்பதை யாரும் சொல்வதில்லை.

தமிழில் கால்பந்து பேசும்போது கவனித்திருக்கிறீர்களா? முன்னால் ஓடுகிறவள் கோல் ‘போட்டாள்’. பின்னால் நிற்கிறவள் கோல் ‘விட்டாள்’. பந்து பத்துப் பேரைத் தாண்டித்தான் அவளிடம் வருகிறது, ஆனாலும் வினைக்கு எழுவாய் அவள். தடுத்துவிட்டால் ஆட்டம் தொடரும். எண் பலகையில் எதுவும் மாறாது. உலை பொங்கி வழிந்தால்தான் அடுப்படியில் ஆள் இல்லை என்று வீடு கத்தும். வழியாத நாள்களுக்கு வீட்டில் கணக்கு இல்லை. கோல்கீப்பரின் வேலையும் அந்த வகையைச் சேர்ந்தது. நடந்தால் தெரியாது.

இலக்கணத்திலும் இந்தப் பாரபட்சம் உண்டு. மதிலை முற்றுகையிடுபவனுக்கு உழிஞை. மதிலைக் காப்பவன் சூடுவது நொச்சி. ஆனால் தொல்காப்பியம் நொச்சியைத் தனித் திணையாக வைக்கவில்லை. காப்பவன் உழிஞைக்குள்ளேயே அடங்கிவிடுகிறான். தனித் திணையாக இடம்பெற அவன் புறப்பொருள் வெண்பாமாலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேச்சு வழக்கையும் பாருங்கள். அசட்டையாக எதையாவது தவறவிட்டால் ‘கோட்டைவிட்டான்’ என்கிறோம். கோட்டையைக் காத்தவனுக்கு அப்படி ஒரு மரபுத்தொடர் நம்மிடம் இல்லை. இதில் இன்னொன்றும் உண்டு. ‘காப்பு’ என்ற சொல்லோடு தமிழில் பெண் சேரும்போதெல்லாம் அவள் காக்கப்படும் பொருளாகவே இருக்கிறாள். காக்கிற பெண்ணை எழுத நம் மொழிக்குப் பழக்கம் குறைவு. எட்டு ஆண்டுகள் எனக்கு அந்தப் பெயர் தெரியாமல் போனதற்கு இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் விளக்கமாக இருக்கலாம்.

மீண்டும் 1999-க்கு. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட், நியூஸ்வீக் அட்டைகளில் சாஸ்டெய்ன் வந்தார். அந்தக் கோடை முழுக்க அமெரிக்க ஊடகங்கள் இந்த அணியைப் பக்கத்துவீட்டுப் பெண்களாக, குதிரைவால் சடையாடும் கல்லூரித் தோழிகளாக, குழந்தைகளை மைதானத்துக்கு அழைத்துவரும் அம்மாக்களாகக் காட்டின. பெண் விளையாட்டை விற்க அப்படி ஒரு படம் தேவைப்பட்டது. முதன்மை ஆட்டக்காரர்களில் ஒரே கறுப்பினப் பெண்ணும், பெண்ணைக் காதலிப்பதை ஒளிக்காதவருமான ஸ்கரி அந்தப் படத்துக்குள் எளிதில் பொருந்தவில்லை. 2022-ல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்துக்கு ‘தி ஒன்லி’ என்று பெயர். ஒருத்தி மட்டும் என்று பொருள்கொள்ளலாம்.

இதைச் சாஸ்டெய்ன்மீது குற்றமாக வைக்கமாட்டேன். அதே தொடரின் காலிறுதியில், ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, ஸ்கரி முன்னே வந்துவிட்டதைக் கவனிக்காமல் பந்தைப் பின்னுக்குத் தட்டித் தன் அணிக்கே கோல் போட்டுவிட்டவர் சாஸ்டெய்ன். பிறகு அவரே எதிர்ப்பக்கம் ஒரு கோல் போட்டு ஈடுகட்டினார். முன்னால் ஆடுபவளுக்கு அந்த வசதி உண்டு. தவறை அதே ஆட்டத்தில் கோலாகவே அடைத்துவிடலாம். கோல்கீப்பருக்கு அது இல்லை. 2019-ல் ரோஸ் பௌல் வாசலில் சிலை வைத்தபோதும் முழங்காலிட்ட சாஸ்டெய்னைத்தான் வைத்தார்கள். சிலை அழகாகத்தான் இருக்கிறது. தடுத்த கையை வெண்கலத்தில் வார்க்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை.

அடுத்த ஐந்து ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். வெற்றிக்குப் பிறகு உடல் எடை கூடியது, காயங்கள் வந்தன, 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் இடத்தை இழந்து வெளியே உட்கார்ந்தார். அமெரிக்காவின் முதல் தொழில்முறைப் பெண்கள் லீக் 2001-ல் தொடங்கியது. அட்லாண்டா அணிக்கு ஆடினார். 2003-ல் அந்த லீக் பணமில்லாமல் மூடப்பட்டது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரங்களுக்கு முன் தந்தை இறந்துபோனார். ஸ்கரி போய் ஆடினார், தங்கத்தோடு திரும்பினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு இது இரண்டாவது தங்கம்.

2007-ல் நிற்கவேண்டும். சீனாவில் உலகக்கோப்பை. இப்போது முதன்மைக் கோல்கீப்பர் ஹோப் சோலோ, ஸ்கரியைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய தந்தையும் அந்த ஜூனில்தான் இறந்திருந்தார். ஆட்டம் தொடங்குமுன் கோல் பகுதியில் தந்தையின் சாம்பலைச் சிறிது தூவிவிட்டு நின்றார் சோலோ. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. பிரேசிலுக்கு எதிரான அரையிறுதிக்கு முன் பயிற்சியாளர் கிரெக் ரயன் அவரை உட்காரவைத்துவிட்டு ஸ்கரியை இறக்கினார். பிரேசிலோடு ஆடிய பழைய அனுபவம் ஸ்கரிக்கு இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அமெரிக்கா நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது.

அந்த நான்கையும் எண்ணிப் பாருங்கள். முதல் கோல், அமெரிக்க ஆட்டக்காரரே தவறுதலாகத் தன் வலைக்குள் தள்ளியது. இடைவேளைக்கு முன்பே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, இரண்டாம் பாதி முழுக்கப் பத்துப் பேர்தான். கடைசிக் கோல், முதுகுப்பக்கம் பந்தைத் தூக்கிவிட்டு மார்த்தா தடுப்பாளரைச் சுற்றி வந்து அடித்தது. உலகக்கோப்பை வரலாற்றின் அழகான கோல்களில் ஒன்று. ஆட்டம் முடிந்ததும் ஒலிவாங்கி சோலோவிடம் நீட்டப்பட்டது. அது தவறான முடிவு, நான் நின்றிருந்தால் அவற்றைத் தடுத்திருப்பேன் என்றார் அவர்.

அதன்பின் நடந்ததைத்தான் மாணவிகள் வாசிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். சோலோ அணியிலிருந்து தள்ளிவைக்கப்பட்டார். மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. சேர்ந்து பயணம் செய்யவும் விடவில்லை. பத்திரிகைகள் ‘இரு கோல்கீப்பர்களின் சண்டை’ என்று எழுதின. முடிவெடுத்தவர் ஓர் ஆண். வாரக்கணக்கில் செய்தியாக இருந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி வாய்த்துடுக்கு, மற்றவள் வயதானவள். மாமியார் மருமகள் கதைக்கு இதைவிட நல்ல வார்ப்பு கிடைக்காது. ரயனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்பது அதே ஆண்டில் வந்த சிறு செய்தி.

சோலோவின் தன்வரலாறு 2012-ல் வந்தது, ஆன் கில்லியனோடு சேர்ந்து எழுதியது. ஸ்கரியுடையது, ‘மை கிரேட்டஸ்ட் சேவ்’, பத்தாண்டு கழித்து 2022-ல், வெய்ன் காஃபியோடு சேர்ந்து எழுதியது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கப் பரிந்துரைப்பேன். சோலோவின் நூல் கோபத்தை எழுதுவதில் சிறந்தது. பெண் விளையாட்டு நூல்களில் கோபம் அபூர்வம். நன்றி சொல்லும் பக்கங்கள்தான் அதிகம். மூத்த வீராங்கனைகள் தன்னை ஒதுக்கிய விதத்தை அவர் மன்னிக்காமல் எழுதுகிறார். சகோதரித்துவம் என்ற சொல்லை எளிதாகப் பயன்படுத்தும் நமக்கு அது நல்ல மருந்து. ஆனால் அந்தக் கோபம் ஸ்கரியின் இடத்தில் நின்று ஒரு நொடியும் பார்ப்பதில்லை என்பது என் குறை. அன்று இறங்கச் சொன்னபோது ஸ்கரி என்ன செய்திருக்க முடியும்? மாட்டேன் என்றா? முப்பத்தாறு வயதில், இடம் போய்விட்ட ஒரு பெண்ணுக்கு, மறுக்கும் உரிமை எந்தத் தொழிலில் இருக்கிறது? சோலோ மன்னிப்புக் கேட்டார், ஸ்கரி ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் சோலோ நின்று தங்கம் வென்றார். ஸ்கரிக்கு அணியில் இடமில்லை. நாட்டுக்காக 173 ஆட்டங்கள் ஆடியவர் அத்தோடு நின்றுபோனார். சோலோவைச் சுற்றிப் பிற்பாடு எழுந்த சர்ச்சைகள் வேறு கட்டுரைக்குரியவை.

2009-ல் இன்னொரு தொழில்முறை லீக் தொடங்கியது. ஸ்கரி வாஷிங்டன் ஃப்ரீடம் அணியில். 2010 ஏப்ரல் 25, ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆட்டம். தாழ்வாக வந்த பந்தைக் குனிந்து எடுக்கும்போது எதிரணி ஆட்டக்காரரின் முழங்கால் அவர் தலையின் பக்கவாட்டில் மோதியது. எதிரே ஓடுபவர்களின் சட்டை எண்கள் மங்கலாகத் தெரிந்தன. அப்படியே இடைவேளை வரை ஆடினார். அதன்பின் எந்த ஆட்டமும் ஆடவில்லை.

மைதானத்திலேயே பத்திரமான இடம்.

மூளையதிர்ச்சி வெளியில் தெரிகிற காயமல்ல. கட்டு இல்லை, ஊன்றுகோல் இல்லை. ஓயாத தலைவலி, வெளிச்சம் கூசுவது, ஒன்றில் மனம் நிலைக்காமல் போவது, பிறகு ஆழமான மனச்சோர்வு. வெளியில் தெரியாத வலியோடு ஒரு பெண் மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும் என்பதை இந்நூலின் வாசகிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காப்பீட்டு நிறுவனத்தோடு ஆண்டுக்கணக்கில் இழுபறி. வருமானம் இல்லை. லீக்கும் 2012-ல் மூடப்பட்டுவிட்டது. அந்த நாள்களில் ஓர் அருவியின் விளிம்பில் நின்று குதித்துவிடலாமா என்று எண்ணியதையும், தாயை நினைத்துத் திரும்பியதையும் பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

தன் இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களையும் அடகுவைத்தார். கிடைத்தது 18,000 டாலர்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்தேன். ஒலிம்பிக் தங்கம் பெரும்பாலும் வெள்ளிதான், மேலே ஆறு கிராம் அளவுக்குத் தங்கமுலாம். நம்மூர் அடகுக்கடைக்காரர் உரசிப் பார்த்தாரானால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பள்ளிக் கட்டணம்கூடத் தேறாது. அங்கே எடை போட்டது உலோகத்தை அல்ல, அவர் பெயரை. என் அம்மாவின் வளையல்கள் என் ஆய்வுப்படிப்புக் காலத்தில் மூன்று முறை போய்த் திரும்பின. நான்காவது முறை போனவை திரும்பவில்லை. அடகு ரசீதை அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார். ஸ்கரி தன் ரசீதை எங்கே வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

2013-ல் தலையின் பின்புற நரம்புக்கு அறுவைசிகிச்சை நடந்து தலைவலி தீர்ந்தது. காப்பீட்டாரோடு போராட உதவியவர் மக்கள்தொடர்பு நிறுவனம் நடத்திய ஒரு பெண். பின்னாளில் இருவரும் மணந்துகொண்டார்கள். பதக்கங்கள் மீட்கப்பட்டன. 2014-ல் மூளையதிர்ச்சி பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். 2017-ல் தேசியக் கால்பந்துப் புகழ்மன்றத்துக்குத் தேர்வானார். அங்கே நுழைந்த முதல் கறுப்பினப் பெண்ணும் முதல் பெண் கோல்கீப்பரும் அவரே.

நூலின் தலைப்போடு எனக்குப் பிணக்கு உண்டு. ஆங்கிலத்தில் கோல்கீப்பர் பந்தைத் தடுப்பதும் ஓர் உயிரைக் காப்பதும் ஒரே சொல்தான். அந்தச் சிலேடையைத் தலைப்பு நம்பியிருக்கிறது. ‘என் மகத்தான காப்பு’ பெனால்டி அல்ல, என்னையே நான் காப்பாற்றிக்கொண்டது என்கிறது. வீழ்ச்சி, இருட்டு, மீட்சி என்ற அமெரிக்கத் தன்வரலாற்றின் வழக்கமான படிக்கட்டு. வாசகருக்கு ஆறுதலாக இருக்கும், மேடைப்பேச்சுக்கும் உதவும். ஆனால் நூலுக்குள்ளே அவர் சொல்லும் விவரங்கள் வேறொரு கதையைச் சொல்கின்றன. உலகக்கோப்பை வென்றவருக்கே ஓய்வுக்குப் பின் எதுவும் மிஞ்சாத தொழில், மூன்றே ஆண்டில் கடையை மூடும் லீக்குகள், பந்து முன்னாலிருந்த பத்துப் பேரையும் தாண்டி வந்ததைப் போல எல்லாத் தடுப்பையும் தாண்டிவந்த ஒரு விபத்து. கடைசியில் நிற்பவளே எல்லாவற்றையும் தடுத்தாகவேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பைத் தலைப்பு அவர் வாழ்க்கையின்மேலும் ஏற்றிவிடுகிறது. நூலில் எனக்குப் பிடித்த ஸ்கரி வெற்றிபெற்றவர் அல்ல. அடகுக்கடைக்குப் போகவேண்டியிருந்ததை மறைக்காமல் சொல்பவர்.

புகைப்படத்தை இப்போதும் காட்டுகிறேன். அதற்கு முன் அந்த மூன்றாவது உதையின் காணொளியைப் போடுகிறோம். அதைத் தேடி எடுத்துத் தந்தவள் அன்று கேள்வி கேட்ட அதே மாணவி. ஸ்கரி பாய்கிறார், தட்டுகிறார், எழுந்து முஷ்டியை உயர்த்திக் கத்துகிறார். மாணவிகள் கைதட்டுகிறார்கள். காணொளியை அங்கே நிறுத்திவிட்டுப் படத்துக்குப் போய்விடுவேன். சென்ற ஆண்டு அவர்கள் நிறுத்தவிடவில்லை, மீதியையும் பார்க்கவேண்டும் என்றார்கள். பார்த்தோம். அந்தத் தடுப்புக்குப் பிறகு ஸ்கரி இன்னும் இரண்டு முறை கோட்டில் வந்து நிற்கவேண்டியிருந்தது. இரண்டு பந்தும் உள்ளே போயின.